உங்க நாயோட அம்மா எங்கே?

‘நாட்டு நாய் வளர்க்கிறேன்’ என்று மீசையைத் தடவிக்கொள்ளும் அண்ணன்மார்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘‘உங்க நாயோட அம்மா இப்ப எங்கே இருக்கு?’’

அப்பாவைப் பற்றிக் கேட்டால் பதில் டாண் என்று வரும். ‘‘அது ஷோவுல கப் வாங்குன நாய் சார். செல்லுல போட்டோ இருக்கு, பாக்குறீங்களா?’’ தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அதற்கும் ஒரு வீரக்கதை கிடைக்கும். அம்மாவைப் பற்றிக் கேட்டதும்தான் ஒரு இழுவை. ‘‘அது... பண்ணையில இருக்கும் சார்...’’

இருக்கும்! எந்த நிலைமையில் இருக்கும்? எத்தனையாவது ஈத்தில் இருக்கும்? உயிரோடுதான் இருக்கா? வாங்கினவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டும் என்று தோன்றவும் இல்லை. இந்த லட்சணத்தில் பேர் என்ன தெரியுமா? ‘நாட்டு இனப் பாதுகாப்பு!’

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம், பண்ணைப்புரம் வழியாக உத்தமபாளையம் போகிற ரோட்டில்தான் கோம்பை இருக்கிறது. இளையராஜா ஊருக்குப் பக்கத்து ஊர் என்றால் சட்டென்று புரியும். மேற்கே மலைச்சுவர், அதற்கு மேலே ராமக்கல்மேடு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று தமிழ்நாட்டில் பேர்பெற்ற நாலு நாயினங்களில் நாலாவது, இந்த ஊர்ப் பேரைச் சுமக்கிற நாய். செவலை உடம்பு, கருவாய், கட்டுமஸ்தான தேகம். பாளையக்காரர் காலத்தில் குதிரைப்படையையே விரட்டியது என்று கதை கதையாகச் சொல்வார்கள். கதை நல்ல கதைதான். ஆனால், கதை சோறு போடாது. நாயை உருவாக்கியது கதை இல்லை... வேலை!

போடியும் கோம்பையும் தேவாரமும் ஒரு காலத்தில் பாளையங்கள். வேட்டைக்கு நாய் வேண்டும், காவலுக்கு நாய் வேண்டும், ஆட்டுக்கிடைக்கு நாய் வேண்டும். ஓடாத நாயைக் கழித்தார்கள். குழந்தையைக் கடித்த நாயைக் கழித்தார்கள். சொன்ன பேச்சுக் கேட்ட நாயின் குட்டியைக் கேட்டு வாங்கிப் போனார்கள். நிறத்தைப் பார்த்துப் பொறுக்கியவர்களும் உண்டு. ஆனால், வேலைக்கு லாயக்கில்லாத நாய்க்கு நிறத்தை மட்டும் பார்த்து யார் கஞ்சி ஊற்றுவார்கள்? அப்படித் தலைமுறை தலைமுறையாக வடிகட்டி வந்ததுதான் இனம்.

1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜமீனும் போச்சு, வேட்டையும் போச்சு. ரெண்டுமே போகவேண்டியவைதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால், அந்த நாய்க்கு வேலை போய்விட்டது. வேலை போனவனை ஊர் எப்படி மறக்குமோ, அப்படி மறந்தது. எல்லோரும் அல்சேஷன், பொமரேனியன் பின்னால் ஓடினோம். 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சின்னப் பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் போனது. அவ்வளவுதான்... மூக்கு அமுங்கி, மூச்சுவிடவே திணறும் அந்த ஜீவனை ஊர் ஊராக வாங்கி வந்து, நம்ம கத்திரி வெயிலில் இரைக்க வைத்தோம்.

பிறகு 2017 ஜனவரி. மெரினா போராட்டம். நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நெல் என்று எல்லாவற்றுக்கும் மவுசு வந்தபோது நாட்டு நாய்க்கும் வந்தது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமரே வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பேர் சொல்லிப் பாராட்டினார். சந்தோஷம். நாய்க்கு மறுபடியும் வேலை கிடைத்தது. என்ன வேலை? நம்முடைய பெருமையைச் சுமக்கிற வேலை!

இந்த வேலைக்கு ஓடத் தெரியவேண்டாம். காவல் காக்கத் தெரியவேண்டாம். படத்தில் கம்பீரமாகத் தெரிந்தால் போதும். கோளாறு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

போடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஏலக்காய் வியாபாரத்தில் பார்க்காததா? பச்சை நிறத்துக்கும் எட்டு மில்லி பருமனுக்கும் விலை ஏறுகிறது என்று தெரிந்ததும் என்ன நடந்தது? காய்க்குச் சாயம் ஏற்றினார்கள். ஸ்பைசஸ் போர்டு தலையிட்டு, செயற்கைச் சாயம் போட்டால் நடவடிக்கை என்று எச்சரிக்கவேண்டி வந்தது. வாங்குகிறவன் எதற்குக் காசு கொடுக்கிறானோ, விற்கிறவன் அதைத்தான் தயாரிப்பான். மணத்துக்குக் காசு கொடுத்தால் மணம். நிறத்துக்குக் காசு கொடுத்தால் சாயம்.

நாய்க்குச் சாயம் பூச முடியாது. அதற்குப் பதிலாக என்ன செய்கிறார்கள்? அண்ணனுக்கும் தங்கைக்கும் இணை சேர்க்கிறார்கள். அப்பனுக்கும் மகளுக்கும் சேர்க்கிறார்கள். ‘‘அப்பத்தான் சார் அந்தக் கருவாய் அப்படியே எறங்கும்.’’ கருவாய் இறங்கும்தான். கூடவே என்னென்ன இறங்கும் என்று யார் பார்த்தது? ஒவ்வொரு உயிரிலும் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னக் குறைகள், ரத்த உறவுக்குள்ளேயே சேர்க்கும்போது ஜோடி கூடி வெளியே வருகின்றன.

ராஜபாளையத்தைப் பாருங்கள். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. அதுதான் ‘ஒரிஜினல்’ என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். உடம்பில் பழுப்புத் திட்டு இருந்தால் கழிசல். ஆனால், முழு வெள்ளைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் நாய்களில் தொடர்பு உண்டு என்பது கால்நடை மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரியும். ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதும் ரகசியம் இல்லை. காது கேட்காத காவல் நாய்! வெள்ளைத் தோலுக்கு நாம் கொடுக்கும் விலையை அந்தக் குட்டி காதால் கட்டுகிறது.

இந்தச் சுத்த ரத்த நாய்களுக்கு நாம் வைத்திருக்கும் பேரே என்ன? ‘ஜாதி நாய்!’ மேடைக்கு மேடை ஜாதியை ஒழிப்போம் என்று முழங்குகிற ஊரில், நாய்க்கு மட்டும் ஜாதிச் சுத்தம் கெடக்கூடாது.

நான் பி.காம். படித்தவன். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பெட்டை நாய். ஈத்துக்கு ஆறு குட்டி, குட்டி பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஈத்துக்கு 60 ஆயிரம். நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை தொடர்பாக மத்திய அரசு 2017-ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக்கூடாது. 12 மாதத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளுக்கு ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வயதுக்கு மேல் கூடவே கூடாது. ஆக, சட்டப்படி நடந்தால் அந்தத் தாயால் வருவது மூன்று லட்சம்.

சட்டம் கிடக்கட்டும், முதல் பருவத்திலிருந்தே ஆரம்பித்து, வருஷத்துக்கு ரெண்டு ஈத்து என்று ஏழு வயது வரை கறந்தால்? பன்னிரண்டு ஈத்து. 72 குட்டி. ஏழு லட்சத்து இருபதாயிரம். வித்தியாசம் நாலு லட்சத்து இருபதாயிரம். யாரும் வந்து சோதனை போடப்போவதில்லை என்றால், இந்த நாலு லட்சத்தை எத்தனை பேர் மனசாட்சிக்காக விட்டுக்கொடுப்பார்கள்?

மெஷின் வாங்கினால் தேய்மானம் எழுதவேண்டும் என்று காமர்ஸில் முதல் வருஷமே சொல்லித் தருவார்கள். இந்தத் தொழிலில் மெஷின், அந்தத் தாய். அதன் எலும்பில் கரைகிற சுண்ணாம்புக்கு, வற்றித் தொங்குகிற மடிக்கு, புண்ணான கர்ப்பப்பைக்கு எந்தப் பேரேட்டிலும் தேய்மானம் எழுதுவதில்லை. மெஷின் நின்றுபோனால் பழைய இரும்புக்காவது போகும். ஈத்து நின்ற பெட்டை எங்கே போகும்? ராத்திரியோடு ராத்திரியாக டெம்போவில் ஏற்றி, ஏதாவது ஊர் எல்லையில் இறக்கிவிட்டால் கணக்கு முடிந்தது.

விற்காத குட்டிகள் இன்னொரு கணக்கு. வாங்க வருகிறவர் எல்லாம் ‘‘ஆண் குட்டி இருக்கா?’’ என்றுதான் கேட்கிறார். பெட்டைக் குட்டி என்றால் தொல்லை, செலவு. குப்பைமேட்டிலும் பாலத்துக்கு அடியிலும் கண் திறக்காமல் கத்திக்கொண்டிருக்கும் குட்டிகளைத் தூக்கிப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டையாகத்தான் இருக்கும். பெண் பிறந்தால் செலவு என்ற கணக்கு நம் பக்கத்துக்குப் புதுசு இல்லை. மனுஷக் குழந்தைக்கே அந்தக் கணக்கைப் போட்ட ஊர்களைப் பார்த்தவர்கள்தானே நாம்!

‘‘அரசாங்கமே நாய்ப் பண்ணை நடத்தினால் சரியாகிவிடும்’’ என்று ஒரு யோசனை அடிக்கடி வருகிறது. நடத்தினார்களே! சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு இருந்தது. நம்ம நாட்டு இனங்களை அங்கேதான் விற்றார்கள். விலங்கு நல அமைப்பு வழக்குப் போட்டு, 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மூடச் சொன்னது. முத்திரை குத்திய போர்டு மாட்டினால் மட்டும் கூண்டு வீடாகிவிடாது.

2024-ல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு, பக் மாதிரி நம்ம வெயிலுக்கு ஒவ்வாத இனங்களை இங்கே பெருக்கக்கூடாது என்றது. நல்ல விஷயம். உடனே அதை எதிர்த்து நீதிமன்றத்துக்கும் போய்விட்டார்கள். பனியில் வண்டி இழுக்கிற நாயைத் தேனி வெயிலில் ஏ.சி. ரூமுக்குள் பூட்டி வைப்பது உரிமை என்றால், அது நாயுடைய உரிமையா, நம்முடைய உரிமையா?

அடுத்து, ‘ஆக்ரோஷம்’ என்ற சரக்கு. ‘‘கோம்பைன்னா சும்மா இல்ல சார். வெளியாளைப் பார்த்தா கிழிச்சிரும்!’’ என்பது இப்போது விளம்பர வாசகம். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ரெண்டு ராட்வீலர் நாய்கள் குதறியதை மறந்துவிட்டோமா? அன்றைக்கு ‘வெளிநாட்டு வெறிநாய்’ என்று கொதித்தவர்களே, நாட்டு நாயைப் ‘பயங்கரம்’ என்று சொல்லி விற்கும்போது கைதட்டுகிறார்கள். குழந்தையின் கழுத்துக்குச் சுதேசிப் பல், விதேசிப் பல் என்று வித்தியாசம் தெரியுமா?

நாயை வெறிகொள்ள வைக்கச் சுலபமான வழி, சங்கிலி. மூன்றடிச் சங்கிலியில் ராத்திரி பகலாகக் கட்டிப்போட்டு, ஓட விடாமல், மனுஷ முகம் பழக விடாமல் வைத்தால் எந்த நாயும் கடிக்கும். அது வீரம் இல்லை, பயம். நியாயமில்லாத நேரம் குறுகிய சங்கிலியில் கட்டிவைப்பது, 1960-ம் வருஷத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வளர்த்த பிராணியைக் காரணமில்லாமல் கைவிடுவதும் குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு தெரியுமா? பத்து ரூபாயிலிருந்து அதிகபட்சம் 50 ரூபாய். அந்த 50 ரூபாய் உச்சவரம்பு 1960-ல் எழுதியது, இன்றைக்கும் அதேதான். போடி பஸ் ஸ்டாண்டில் ரெண்டு பேர் டீயும் வடையும் சாப்பிட்டால் அதைவிட அதிகமாகிவிடும்.

போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். போடியிலிருந்து தினமும் விடிகாலை ஜீப்பில் தொற்றிக்கொண்டு நம் ஜனங்கள் வேலைக்குப் போகிற மலை அது. காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். கிலோ ஆயிரக்கணக்கில் போகிற சரக்குக்கு அதுதான் காவல். பன்றி வந்தால் ஒரு குரைப்பு, யானை வாடை அடித்தால் வேறு குரைப்பு, ஆள் வந்தால் இன்னொன்று. அப்படி ஒரு தோட்டத்துக் காவல்காரரிடம், ‘‘இது என்ன ஜாதிண்ணே?’’ என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். ‘‘ஜாதியா? அது வேலை பாக்குற நாய் சார்’’ என்றார். இனவிருத்தி பற்றி இதைவிடத் தெளிவாக எந்த நிபுணரும் என்னிடம் சொன்னதில்லை.

என் வீட்டில் இருக்கும் செவலைக் குட்டி அந்தத் தோட்டத்து நாய்க்குப் பிறந்ததுதான். ரெண்டு மாதம் தாய்ப்பால் குடித்துவிட்டு இறங்கி வந்தவள். கோம்பையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: ‘‘தெரியாது. ஆனா, அவ அம்மா எங்கே இருக்கான்னு தெரியும்.’’

இப்போது ரெண்டு பக்கத்து நண்பர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதல் பக்கம்: ‘‘இப்படியெல்லாம் கெடுபிடி பண்ணா இனமே அழிஞ்சிரும் சார்!’’ இல்லை சார். நாலு பெட்டையை அடைத்துவைத்து, ஒரே கப் நாயைத் தமிழ்நாடு முழுக்க இணை சேர்த்தால்தான் அழியும். பார்க்க ஆயிரம் நாய் இருக்கும், ரத்தம் ஒன்றாக இருக்கும். ஒரு நோய் வந்தால் மொத்தமும் படுக்கும். ஏலச்செடியின் தூரைப் பிரித்துப் பிரித்து நட்டு ஒரே ரகத்தை மலை முழுக்கப் பரப்பியவர்களுக்கு, அதற்குப் பிறகு எத்தனை மருந்து அடிக்கவேண்டியிருக்கிறது என்பது தெரியும்.

இரண்டாவது பக்கம், நகரத்து விலங்கு நேசர்கள்: ‘‘இனப்பெருக்கமே வேண்டாம். தெரு நாயைத் தத்தெடுங்க.’’ முடிந்தவர்கள் கட்டாயம் எடுக்கட்டும். அபார்ட்மென்ட்டில் அன்புக்கு ஒரு துணை வேண்டும் என்பவருக்குத் தெருக்குட்டியைவிட நல்ல தோழன் கிடையாது. ஆனால், மலங்காட்டில் ஆட்டுக்கிடை போடுகிறவருக்கும் தோட்டம் காக்கிறவருக்கும் வேலை தெரிந்த வம்சம் வேண்டும். பல நூறு வருஷம் உழைத்த ஒரு வம்சத்தை, கெட்ட வியாபாரிகளுக்குப் பயந்து கைகழுவுவதும் நியாயம் இல்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை.

ஒன்று, 2017 விதிப்படி நாய் வளர்த்து விற்கிற ஒவ்வொருவரும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். பதிவு எண் இல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் போன் போடாதீர்கள். போடவேண்டுமென்றால் புகாருக்குப் போடுங்கள்.

இரண்டு, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று அதே விதி சொல்கிறது. முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்துப் பஸ்ஸில் அனுப்புகிறார்கள். தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டி, பார்வோ வந்து ரத்தமாகப் போய்ச் செத்தால், ‘நாட்டு நாய்க்கு ஊசியே வேணாம்’ என்று சொன்ன மகராசன் போனை எடுக்கமாட்டார்.

மூன்று, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபியல் வள அமைப்பின் பட்டியலில் ஏறிவிட்டன. இனத்துக்கு எண் கொடுத்தாச்சு. தாய்க்கு யார் கொடுப்பது? தேனியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோம்பை கூப்பிடு தூரம். ஒவ்வொரு தாய் நாய்க்கும் மைக்ரோசிப், எத்தனை ஈத்து, என்ன நோய், குட்டிகளுக்குக் காது கேட்கிறதா, யாரோடு இணை சேர்த்தது என்று ஒரு பதிவேட்டை அந்தக் கல்லூரி ஆரம்பிக்கட்டும். அக்கறையுள்ள பண்ணைக்காரர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். முதலில் ஓடி வருவது அவர்களாகத்தான் இருக்கும், ஏனென்றால் குறுக்கு வழிக்காரனிடம் வியாபாரத்தில் தோற்றுக்கொண்டிருப்பதும் அவர்கள்தான்.

நான்கு, வாங்குகிற நமக்கு. போடி ஏல மையத்தில் வியாபாரி காயைப் பிதுக்கி, மோந்து, கடித்துப் பார்க்காமல் விலை கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கூட வாழப்போகிற உயிரை மட்டும் செல்போன் போட்டோவைப் பார்த்து, ஜிபேயில் பணம் அனுப்பி வாங்குகிறோம். நேரில் போங்கள். தாய் எங்கே என்று கேளுங்கள். அதன் மடியைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், கழுத்தில் சங்கிலி அறுத்த தழும்பு இருக்கிறதா பாருங்கள். நீங்கள் கிட்டே போனால் வாலாட்டுகிறதா, மூலைக்கு ஒதுங்குகிறதா என்று பாருங்கள்.

‘‘தாயைக் காட்ட முடியாது சார், வெளியாளைப் பார்த்தா சீறும்’’ என்பார்கள். ‘‘பரவாயில்லை, தூரத்தில் நின்னு பாக்குறேன்’’ என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள். அந்தக் குட்டியை விட்டுவிட்டு வருகிறோமே என்று மனசு அடித்துக்கொள்ளும். ஆனால், நீங்கள் கொடுக்காத அந்தப் பத்தாயிரம்தான், உள்ளே அடைபட்டுக் கிடக்கிறவளின் அடுத்த ஈத்தை நிறுத்தப் போகிறது.